இறங்க ஆள் இருக்கு

இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில், கதுக்கோய்க்கும் பொஸ்தான்ஜுக்கும் நடுவே மஞ்சள் நிற வேன்கள் ஓடும். அவற்றுக்குத் தொல்முஷ் என்று பெயர். ஏறி உட்கார்ந்ததும் காசை முன்னால் இருப்பவர் தோளைத் தட்டிக் கொடுக்க வேண்டும். கைமாறிக் கைமாறி அது ஓட்டுநரிடம் போகும், மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வரும். இறங்க வேண்டிய இடம் வந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். வந்த முதல் வாரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. என் தெரு வந்தது, ஜன்னல் வழியாகப் பார்த்தேன், போயிற்று. அடுத்த தெருவும் போயிற்று. அப்போது பின் இருக்கையிலிருந்து ஒரு பெண்மணி "இனெஜெக் வர்!" என்று குரல் கொடுத்தார். வண்டி நின்றது. அவர் பின்னாலேயே நானும் இறங்கி, வந்த வழியே நடந்தேன்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். 'இன்' என்றால் இறங்கு. 'எஜெக்' எதிர்காலம். 'வர்' என்றால் இருக்கிறது. இறங்கப்போவது இருக்கிறது. நம் ஊர் டவுன் பஸ்ஸில் கூட்டத்துக்குள்ளிருந்து "இறங்க ஆள் இருக்குப்பா!" என்று ஒரு குரல் வருமே, அதேதான். 'நான் இறங்க வேண்டும்' என்று இல்லை, 'நிறுத்துங்கள்' என்றும் இல்லை. ஆள் இருக்கு. அவ்வளவுதான்.

தொல்முஷ் என்ற பெயரே ஓர் இலக்கணப் பாடம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 'தொல்' என்றால் நிரம்பு, 'தொல்முஷ்' என்றால் நிரம்பியது. ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். குடைமிளகாய்க்குள் அரிசியை அடைத்துச் சமைக்கிறார்களே, அந்தத் தொல்மாவும் இதே வேரில் வந்ததுதான். அந்த 'முஷ்' பற்றிப் பேச நிறைய இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

துருக்கி மொழி மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஒரு ஜெர்மன்காரர், இரண்டு ரஷ்யப் பெண்கள், ஒரு கொலம்பியப் பையன், நான். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் விளக்கங்கள் கொண்டது. அதில் பக்கத்துக்குப் பக்கம் எச்சரிக்கை: வினைச்சொல் கடைசியில் வரும், பயப்படாதீர்கள், முன்னிடைச் சொற்கள் கிடையாது, எல்லாம் பின்னால் ஒட்டும், பழகிவிடும், வாக்கியத்தைத் தலைகீழாக நினைத்துப் பாருங்கள். நானும் புத்திசாலித்தனமாக அதையே செய்தேன். தமிழில் தோன்றியதை ஆங்கிலத்துக்கு மாற்றி, ஆங்கிலத்தைத் தலைகீழாகத் திருப்பி, துருக்கி மொழியாக்கினேன். ஒரு மாதம் இப்படி மூக்கைச் சுற்றித் தொட்ட பிறகு ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது உறைத்தது: தலைகீழைத் தலைகீழாக்கினால் நேர்தானே? நடுவில் ஆங்கிலம் எதற்கு?

அன்றிலிருந்து பள்ளிக்கூடத் தமிழ் இலக்கணம்தான் எனக்கு உரைநூல். ஏழாம் வகுப்பில் தூங்கி வழிந்த வேற்றுமை உருபு, பெயரெச்சம், வினையெச்சம் எல்லாம் இஸ்தான்புல்லில் வந்து வேலைக்கு உதவும் என்று யார் கண்டார்கள். துருக்கி மொழி கற்க வரும் தமிழர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஆங்கில வாசல் வழியாக நுழையாதீர்கள், பக்கத்திலேயே நம் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. உள்ளே இரண்டு மூன்று இடத்தில் தலை இடிக்கும், அதையும் சொல்கிறேன்.

துருக்கிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுவது ஒரு சமாளிப்புதான். 'ஸ' என்று நான் எழுதுவது சில இடத்தில் ஆங்கிலத்தின் இஸட் ஒலி. இரட்டித்தால் வல்லொலி, தனியாக வந்தால் பெரும்பாலும் மெல்ல ஒலிக்கும், நம் வழக்கப்படியே.

வீட்டிலிருந்து தொடங்கலாம். வீடு 'எவ்'. வீட்டில் 'எவ்தெ'. வீட்டிலிருந்து 'எவ்தென்'. வீட்டுக்கு 'எவெ'. வீட்டை 'எவி'. வீட்டின் 'எவின்'. வீடுகள் 'எவ்லெர்', வீடுகளில் 'எவ்லெர்தெ'. முதலில் பன்மை, அப்புறம் வேற்றுமை, நம்மைப் போலவே. இன்னும் சொன்னால் நம்மைவிட எளிது. 'வீடு' உருபு ஏற்கும்போது 'வீட்டு' என்று உடம்பை மாற்றிக்கொள்கிறது, 'மரம்' 'மரத்து' ஆகிறது. 'எவ்' அப்படியே நிற்கிறது. தமிழ் கற்க வரும் துருக்கிக்காரர் பாவம்.

இரண்டாம் வேற்றுமையில்தான் நான் முதல்முறையாக வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'கித்தப் ஒக்குதும்' என்றால் புத்தகம் படித்தேன். 'கித்தபு ஒக்குதும்' என்றால் புத்தகத்தைப் படித்தேன். முன்னது ஏதோ ஒரு புத்தகம், பொழுது போயிற்று. பின்னது அந்தக் குறிப்பிட்ட புத்தகம், நீ சொன்னாயே அது. இந்த வேறுபாட்டுக்காகப் பாடப்புத்தகம் நான்கு பக்கம் செலவழித்திருந்தது. ஜெர்மன்காரர் எல்லாப் பெயர்ச்சொல்லிலும் உருபை ஒட்டிக்கொண்டே போனார், கொலம்பியப் பையன் எதிலுமே ஒட்டவில்லை. நான் தவறே செய்யவில்லை. 'ஐ' எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை, ஆனாலும் தெரியும்.

அந்தச் சொல்லிலேயே இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 'கித்தப்' என்ற சொல்லின் கடைசியில் இருப்பது வல்லொலி. உயிர் வந்து ஒட்டியதும் அது மெலிந்து பி-ஒலியாகிவிடும். ஆசிரியை இதைக் கரும்பலகையில் சிவப்பில் எழுதி அடிக்கோடிட்டார். நான் தமிழில் குறித்துக்கொண்டேன்: 'கித்தபு'. இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றைப் பகரம் வந்தால் நாம் அதை வேறெப்படி வாசிப்போம்? 'அபாயம்' என்பதை வாசிக்கிற மாதிரிதான். விதியை மனப்பாடம் செய்யவே இல்லை, எழுத்து செய்துகொடுத்துவிட்டது. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு விதி உண்டு. வல்லொலியில் முடியும் சொல்லுக்குப் பின் 'தெ' போன்ற உருபுகளும் வல்லொலியாக மாறும். எந்த எட்டு மெய்கள் அப்படிச் செய்யும் என்று நினைவில் வைக்கத் துருக்கிப் பிள்ளைகளுக்கு 'ஃபுஸ்துக்ச்சு ஷஹாப்' என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. 'பிஸ்தா வியாபாரி ஷஹாப்' என்று பொருள். எட்டு மெய்களும் அந்தப் பெயருக்குள் அடக்கம்.

சரி, இப்போது தலை இடிக்கும் முதல் இடம். உயிரிசைவு.

துருக்கி மொழிக்கு எட்டு உயிர். நாக்கு பின்னால் போகும் உயிர்கள் நான்கு, முன்னால் வரும் உயிர்கள் நான்கு. சொல்லின் கடைசி உயிர் எந்தக் கட்சியோ, ஒட்டுகிற விகுதியும் அந்தக் கட்சிக்கு மாற வேண்டும். வீடுகள் 'எவ்லெர்', ஆனால் புத்தகங்கள் 'கித்தப்லர்'. வீட்டில் 'எவ்தெ', ஆனால் பள்ளியில் 'ஒக்குல்த'. நம் 'இல்' எந்தச் சொல்லோடு சேர்ந்தாலும் 'இல்'தான். இங்கே ஒவ்வொரு உருபுக்கும் இரண்டு உடைகள். சிலவற்றுக்கு நான்கு. என் வீடு 'எவிம்', என் புத்தகம் 'கித்தபும்', என் பள்ளி 'ஒக்குலும்', என் கண் 'கொஸும்'. கடைசி மூன்றையும் நான் 'உம்' என்றுதான் எழுதியிருக்கிறேன். மூன்றும் வேறு வேறு உயிர்கள்.

அவற்றில் ஒன்று நம்மிடம் இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். துருக்கி எழுத்தில், ஆங்கிலச் சின்ன 'ஐ'யின் தலையில் புள்ளி வைக்காத மாதிரி (ı) ஓர் எழுத்து உண்டு. வெளிநாட்டவர்களை அழவைக்கும் எழுத்து. 'இ'யா, 'உ'வா, 'அ'வா என்று தடுமாறுவார்கள். 'பாட்டு' என்று சொல்லுங்கள். கடைசியில் உதட்டைக் குவிக்காமல், கால் மனதாக ஓர் உகரம் வருகிறதல்லவா? குற்றியலுகரம். கிட்டத்தட்ட அதேதான். நான் குடியிருக்கும் கதுக்கோயின் நடுவிலும் 'கித்தபு'வின் கடைசியிலும் இருப்பது அது. வகுப்பில் முதல் நாளே நான் அதைச் சரியாகச் சொன்னதும் ஆசிரியை என்னை அஜர்பைஜானா என்று கேட்டார்.

கண்ணுக்கான 'கொஸ்' என்ற சொல்லில் வருவது வேறு. 'எ' சொல்லும் இடத்தில் நாக்கை வைத்து 'ஒ' சொல்லும் மாதிரி உதட்டைக் குவிக்க வேண்டும். அதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லை, கண்ணாடி முன் நின்று பழகினேன். உயிரிசைவை மட்டும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள் என்பது என் அனுபவம். மூன்று மாதம் சந்தையில் காய்கறி வாங்கினால் 'எவ்லர்' என்று சொல்ல வாயே வராது, பல்லில் கல் சிக்கிய மாதிரி இருக்கும். விதிவிலக்குகளும் உண்டு. கடிகாரத்துக்கான 'ஸாஅத்' அரபியிலிருந்து வந்த சொல், பின்னுயிர் இருந்தும் 'ஸாஅத்லெர்' ஆகிறது. அம்மாவுக்கான சொல் 'அன்னெ'. ஆமாம், அன்னை போலவே. அதற்குள்ளேயே ஒரு பின்னுயிரும் ஒரு முன்னுயிரும் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. எந்த மொழியிலும் அம்மாவுக்கு விதி பொருந்தாது போலிருக்கிறது.

இரண்டாவது முறை தலை இடித்தது கதவில். நிஜமான கதவு. வீட்டுக் கதவு பூட்டிக்கொண்டது, பூட்டுக்காரருக்கு போன் செய்து 'எவின் கப்பு' என்றேன். வீட்டின் கதவு. அவர் "எவின் கப்புஸு" என்று திருத்திவிட்டு வந்தார். துருக்கியில் உடையவனுக்கும் உருபு, உடைமைக்கும் உருபு. 'வீட்டின் அதன்-கதவு'. 'என்னுடைய புத்தகம்' என்பது 'பெனிம் கித்தபும்', அதாவது என்னுடைய என்-புத்தகம். இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. நமக்கு 'என்' என்று முன்னால் சொன்னால் போதும், அதனால் பின் முடிச்சு மறந்துகொண்டே இருக்கும்.

இதற்கு மருந்து ஊர் முழுக்கப் பலகைகளில் தொங்குகிறது. கலத்தா கொப்ருஸு: கலத்தாப் பாலம். கலத்தா குலெஸி: கலத்தாக் கோபுரம். தொப்கப்பு ஸராயு: தொப்கப்பு அரண்மனை. இஸ்திக்லால் ஜாத்தெஸி: இஸ்திக்லால் சாலை. தக்ஸிம் மெய்தானு: தக்ஸிம் சதுக்கம். பாலம் வெறும் 'கொப்ரு', கோபுரம் வெறும் 'குலெ'. வால்கள் எல்லாம் அந்தப் பின் முடிச்சு. முதல் ஆறு மாதம் 'ஸி', 'ஸு' எல்லாம் ஊர்ப் பெயரின் பகுதி என்றே நினைத்திருந்தேன். மெய்தான் என்பது நம் மைதானமேதான்.

அந்த மாதிரிச் சொற்கள் வேறு பல உண்டு. ஜவாப் அங்கே 'ஜெவாப்', அசல் 'அஸுல்', அல்வா 'ஹெல்வா', பாதாம் 'பாதெம்'. பாரசீகமும் அரபியும் இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டுப் போனவை. இப்படி வந்த சொற்களில் ஏராளமானவற்றைக் களைந்து புதுச்சொல் ஆக்குவதற்கென்றே 1932-இல் துருக்கிய மொழிக் கழகம் தொடங்கினார்கள். அதற்கு நான்கு ஆண்டு முன்னால், 1928 நவம்பர் 1-ஆம் தேதி, அரபு எழுத்தை விட்டு 29 இலத்தீன் எழுத்துகளுக்கு மாறும் சட்டம் நிறைவேறியது. கணினிக்கு அவர்கள் உண்டாக்கிய சொல் 'பில்கிஸயார்', தகவல் எண்ணி. தனித்தமிழ்ச் சண்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை எதுவும் புதிதாக இருக்காது. அதிகம் நீட்டாமல் இலக்கணத்துக்குத் திரும்புகிறேன்.

இருக்கிறது 'வர்', இல்லை 'யொக்'. மளிகைக் கடைக்குப் போய் "எக்மெக் வர் மு?" என்றால் ரொட்டி இருக்கிறதா. கடைக்காரர் "யொக்" என்று வாயால் சொல்வார், அல்லது புருவத்தை உயர்த்தி 'ப்ச்' கொட்டுவார். பணம் 'பரா', என் பணம் 'பரம்'. என்னிடம் பணம் இல்லை என்பதற்கு 'பரம் யொக்'. இதைச் சொல்லும்போதெல்லாம் பரம்பொருளே இல்லை என்று நாத்திகம் பேசுகிற மாதிரி இருக்கும் எனக்கு.

ஆனால் 'நான் ஆசிரியர் இல்லை' என்று சொல்ல 'யொக்' உதவாது. அங்கே 'தெயில்' வர வேண்டும். ரஷ்யப் பெண்களுக்கு இது குழப்பம். எனக்கும் முதலில் குழப்பம்தான், ஏனென்றால் பேச்சில் நமக்கு எல்லாமே 'இல்லை'. அப்புறம் தமிழாசிரியர் ஒருவர் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது: பொருளே இல்லாவிட்டால் 'இல்லை', அந்தப் பொருள் இது கிடையாது என்றால் 'அல்ல'. யொக் 'இல்லை', தெயில் 'அல்ல'. நாம் நழுவவிட்ட வேறுபாட்டை இவர்கள் காய்கறிக் கடையில் தினமும் பயன்படுத்துகிறார்கள்.

கேள்வி கேட்க 'மி'. நம் 'ஆ' செய்வதை அப்படியே செய்யும், எந்தச் சொல்லைத் தொடுகிறதோ அந்தச் சொல்தான் கேள்வி. "அஹ்மெத் கெல்தி மி?" என்றால் அஹ்மெத் வந்தானா. "அஹ்மெத் மி கெல்தி?" என்றால் அஹ்மெதா வந்தான். இதை நான் சொன்ன வேகத்தைப் பார்த்து வகுப்பில் எல்லோரும் திரும்பினார்கள். நம் 'உம்' அங்கே 'தெ', 'த'. 'பென் தெ' என்றால் நானும். இந்த 'தெ'யைத் தனிச்சொல்லாகப் பிரித்து எழுத வேண்டும், வேற்றுமை உருபான 'தெ'யைச் சேர்த்து எழுத வேண்டும். துருக்கியர்களே இதில் ஓயாமல் தவறு செய்வார்கள், தவறு செய்தவரைத் திட்டுவதற்கென்றே இணையத்தில் ஒரு கூட்டம் காத்திருக்கும். சந்திப்பிழைக்குச் சண்டை போடும் நம் நண்பர்கள் அங்கே போனால் சொந்த ஊர் போல உணர்வார்கள்.

என்னை உண்மையிலேயே அசரவைத்தது 'தியெ' என்ற சின்னச் சொல். சொல்லுதல் என்ற வினையிலிருந்து வந்த எச்சம். 'கெலியொரும் தியெ பாஅர்து' என்றால் வருகிறேன் என்று கத்தினான். மழை பெய்கிறது என்று நான் வெளியே போகவில்லை என்பதற்கும் அதே 'தியெ'. நம் 'என்று' கூட 'என்' என்ற வினையிலிருந்து வந்ததுதானே. மழை யாரிடம் எதைச் சொன்னது? இரண்டு மொழியிலும் சொல்கிறது. பாடப்புத்தகம் இதை 'காரணப் பொருளில் வரும் சிறப்புப் பயன்பாடு' என்று ஒரு பெட்டிக்குள் போட்டிருந்தது. எனக்குச் சிறப்பாக ஒன்றும் தெரியவில்லை, வீட்டில் பேசுவது போலத்தான் இருந்தது.

'கெல்ஸின்' வரட்டும். 'ஒல்ஸுன்' ஆகட்டும், இருக்கட்டும். யாராவது காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் "ஒல்ஸுன்", இருக்கட்டும். வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்துபோகும்போது "கொலாய் கெல்ஸின்", எளிதாக வரட்டும். உடம்பு சரியில்லாதவரிடம் "கெச்மிஷ் ஒல்ஸுன்", கடந்துபோனதாகட்டும்.

அப்புறம் இரட்டித்து வரும் சொற்கள். காபி கீபி என்கிறோமே, அவர்கள் 'சாய் மாய்' என்பார்கள். புத்தகம் கித்தகம், 'கித்தப் மித்தப்'. நாம் 'கி' போடும் இடத்தில் அவர்கள் 'ம' போடுகிறார்கள், அலட்சியம் ஒன்றேதான். செக்கச்செவேல் 'குப்குர்முஸு'. வெள்ளைவெளேர் 'பெம்பெயஸ்'. பச்சைப்பசேல் 'யெம்யெஷில்'. கன்னங்கரேல் 'ஸிம்ஸியாஹ்'. இதற்கு ஆங்கிலத்தில் விளக்கம் எழுத அந்தப் புத்தக ஆசிரியர் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று பாவமாக இருந்தது.

பெயரெச்சம் ஒன்றைச் சொல்லிவிட்டு என் தோல்விகளுக்கு வருகிறேன். 'கெலென் அதாம்' என்றால் வருகிற ஆள். 'ஒக்குதூம் கித்தப்' என்றால் நான் படித்த புத்தகம். எந்தச் சொல்லை விளக்குகிறோமோ அது கடைசியில், விளக்கம் முழுவதும் முன்னால். ஐரோப்பிய மாணவர்களுக்கு இது பெரிய மலை. நமக்கு ஒரே ஒரு திருகல்: செய்தவருக்கு உடைமை உருபு வரும். 'பெனிம் ஒக்குதூம் கித்தப்', என்னுடைய படித்த புத்தகம். மறுபடியும் அந்த இரட்டை முடிச்சுதான்.

எனக்கு மானம் போன இடம் வேறு. தமிழில் எனக்குத் தெரியும், எனக்குப் புரிகிறது, எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது. எல்லாம் நமக்கு வந்து நேர்கின்றன. நாலாம் வேற்றுமையைத் துருக்கியில் கண்டுபிடித்த சந்தோஷத்தில் "பனா பிலியொர்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். 'எனக்குத் தெரியும்' என்று நினைப்பு. அவர்கள் காதில் 'எனக்கு அவன் அறிகிறான்' என்பது போல ஏதோ விழுந்திருக்கும். துருக்கியில் நான்தான் அறிகிறேன்: 'பிலியொரும்'. நான்தான் பசிக்கிறேன், அதுவும் இறந்தகாலத்தில்: 'அஜுக்தும்', பசித்தேன். புரிந்தது என்பதற்கு 'அன்லதும்'. தமிழ் நம்பிக்கைக்குரிய நண்பன்தான், ஆனால் தெரியாத தெருவிலும் தெரிந்த மாதிரியே வழி காட்டும்.

வேற்றுமைகளும் இப்படி இடம் மாறும். பஸ்ஸில் ஏறுகிறோம், அவர்கள் பஸ்ஸுக்கு ஏறுகிறார்கள். அவனிடம் கேட்கிறோம், அவர்கள் அவனுக்குக் கேட்கிறார்கள். நாய்க்குப் பயப்படுகிறோம், அவர்கள் நாயிலிருந்து பயப்படுகிறார்கள். பயத்தின் ஊற்று நாய்தான் என்று பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான்.

இன்னொரு சம்பவம். மேல்மாடியில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். அவரை 'தெய்ஸெ' என்று கூப்பிடுவேன். தாயின் சகோதரி, நம் பெரியம்மா, சித்தி. தந்தையின் சகோதரிக்கு 'ஹலா', அத்தை. தாய்மாமனுக்கு 'தாயு', சித்தப்பாவுக்கு 'அம்ஜா'. கடைக்காரர் 'ஆபி', அண்ணன். தெரியாத பெண் 'அப்லா', அக்கா. 'ஸென்' நீ, 'ஸிஸ்' நீங்கள். உறவு சொல்லி அழைக்கும் விஷயத்தில் எனக்கு ஒரு நாள்கூடப் பாடம் தேவைப்படவில்லை. அதனால்தான் கொஞ்சம் அலட்சியமாகிவிட்டேன். ஒருநாள் அவர் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, 'போகிறேன்' என்று சொன்னால் அபசகுனம் என்று வளர்ந்த வாய், "கிதிப் கெலெஜெயிம்" என்றது. போய்விட்டு வருகிறேன். இலக்கணம் சுத்தம். போய், வருவேன். ராத்திரி எட்டரை மணிக்குக் கதவைத் தட்டினார். தேநீர் இரண்டாம் முறை கொதித்து, ஆறி, மறுபடி சூடாக்கியாயிற்றாம். ஏன் வரவில்லை?

ஆண்பால் பெண்பால் கிடையாது என்பதை எல்லா அறிமுகங்களும் சொல்லிவிடும். அவன், அவள், அது எல்லாம் 'ஒ'. உயர்திணை, அஃறிணைகூட இல்லை. கேட்க எளிமையாக இருக்கும். அலுவலக நண்பர் ஒருவர் தன் தோழமை ஒன்றைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். வந்தது, போனது, அழுதது, வேலையை விட்டது. என் மனதில் தாடி வைத்த ஓர் ஆள் உருவாகி, அவனுக்குக் குரல்கூட வந்துவிட்டது. கடைசியில் அந்த ஆளுக்குப் பிரசவமாயிற்று. தமிழ் வினைமுற்று தன் வாலிலேயே எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும், அந்த வசதிக்கு எவ்வளவு பழகியிருந்தேன் என்று அன்று தெரிந்தது.

இவ்வளவு ஒற்றுமை இருந்தால் இரண்டும் ஒரே குடும்பமா என்று ஊரிலிருந்து போனில் கேட்பார்கள். அப்படி நிறுவப்படவில்லை. 1856-இல் திராவிட ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், துருக்கி மொழிகளும் அடங்கிய 'சித்திய' மொழிகளோடு திராவிட மொழிகளுக்கு உறவு இருக்கும் என்று கருதினார். இன்றைய மொழியியல் அதை ஏற்பதில்லை. ஒட்டிக்கொண்டே போவதும் வினை கடைசியில் வருவதும் ஜப்பானிய மொழியிலும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் நம்மைப் போலவே மாடி கட்டினால் பங்காளி ஆகிவிட மாட்டார்.

இப்போது அந்த 'மிஷ்'. தொல்முஷில் பார்த்த 'முஷ்'தான், உயிரிசைவுப்படி மிஷ், முஷ் என்று மாறும். மெஷ் என்று எழுதிவிடாதீர்கள், மெஷ் கிடையாது. 'கெல்தி' என்றால் வந்தான், நான் பார்த்தேன். 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம். பார்க்கவில்லை, கேள்வி. இதைப் படித்ததும் துள்ளினேன், நம் 'ஆம்'! கதைகள் எல்லாம் இதில்தான் ஓடும். "பிர் வர்முஷ், பிர் யொக்முஷ்" என்றுதான் பாட்டிகள் தொடங்குவார்கள். ஒன்று இருந்ததாம், ஒன்று இல்லையாம். நஸ்ரெத்தின் ஹோஜா, நம் முல்லா கதைகளின் முல்லாதான், கழுதையில் ஏறியதும் 'மிஷ்', விழுந்ததும் 'மிஷ்'. ஒரே சொல்லில் 'கெலெமெயெஜெக்மிஷ்ஸினிஸ்' என்பார்கள். கெல், வா. எமெ, முடியாது. யெஜெக், எதிர்காலம். மிஷ், ஆம். ஸினிஸ், நீங்கள். உங்களால் வர முடியாதாமே! அந்தக் கடைசி 'மே'யின் குத்தல்கூட அதில் இருக்கிறது.

மிஷ் என்றால் ஆம் என்று எழுதி வைத்துக்கொண்டு சில மாதம் ஓட்டினேன். ஒரு ஜனவரிக் காலை எழுந்து ஜன்னலைத் திறந்தால் தெரு முழுக்க வெள்ளை. என்னோடு தங்கியிருந்த நண்பர் எட்டிப் பார்த்து "கர் யாமுஷ்" என்றார். பனி பெய்ததாம்? யார் சொன்னது? எதிரே கண்ணுக்கு முன்னால் கிடக்கிறதே. அவரிடம் கேட்டேன். "பெய்யும்போது நான் பார்க்கவில்லையே" என்றார். சோபாவில் கண் அசந்து எழுந்தால் "உயுமுஷும்" என்பார், தான் தூங்கியதற்கே மிஷ். தூங்கியபோது தான் அங்கே இல்லையாம்.

ரொம்ப நாள் கழித்துத்தான் நம் பக்கத்துச் சமாசாரம் பிடிபட்டது. காலையில் வாசல் ஈரமாக இருந்தால் நாம் 'மழை பெஞ்சுதாம்' என்று சொல்ல மாட்டோம். 'மழை பெஞ்சிருக்கு' என்போம். காதால் கேட்டதற்கு 'ஆம்', தடயம் பார்த்து ஊகித்ததற்கு 'இருக்கு'. நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதைத் துருக்கி ஒரே மிஷ்ஷில் மூட்டை கட்டியிருக்கிறது, கூடவே எதிர்பாராத ஆச்சரியத்தையும் உள்ளே திணித்து. தொல்முஷின் முஷ்ஷும் அந்த வம்சம்தான்: நிரம்பியிருக்கிறது.

போன வாரம் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே தெய்ஸெ மளிகைக் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பற்றித்தான். "மாஷல்லா, துர்க்சே ஒரென்மிஷ்" என்றார். துருக்கி மொழி கற்றுக்கொண்டானாம் என்று யாரோ சொல்லிக் கேட்டதா, கற்றுக்கொண்டிருக்கிறானே என்று அவரே கண்டு வியந்ததா? தேநீர் ஆறிப்போன இரவுக்கு அப்புறம் முதல் அர்த்தத்துக்குத்தான் வாய்ப்பு அதிகம். கேட்டுவிடலாம் என்று இரண்டு படி இறங்கினேன். என்ன விகுதி போட்டுக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் ரொட்டியை எடுத்துக்கொண்டு லிப்டில் ஏறிவிட்டார்.